தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்ட்

“கார் வாங்கும்போதே டிக்கியில் ஒரு ஜாக்கி கொடுத்துவிட்டார்கள். அதில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, வீட்டு போர்ட்டிகோவிலேயே அடியில் படுத்துச் சின்ன வேலைகளைப் பார்த்துக்கொள்ளலாமா?” இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. ஒருவருக்கு அடியில் தொங்கும் பிளாஸ்டிக் மறைப்பை இழுத்துக் கட்ட வேண்டும். இன்னொருவருக்கு எலி கடித்த வயரைப் பார்க்க வேண்டும். மற்றொருவருக்கு ஆயுத பூஜைக்கு முன்னால் அடிப்பாகத்துச் சேற்றைச் சுரண்டிக் கழுவ வேண்டும். எல்லோருக்கும் பதில் ஒன்றுதான்: கூடாது. டிக்கியில் இருக்கும் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்டலாம். அதற்காக மட்டுமே அது செய்யப்பட்டது. வண்டியோடு வரும் கையேட்டைப் புரட்டினால், ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கும். அதை ஒப்புக்குப் போட்டதாக நினைக்க வேண்டாம்.

சிறிய கார்களோடு பெரும்பாலும் வருவது கத்தரி ஜாக்கி. நான்கு இரும்புக் கைகள் சாய்சதுரமாகக் கோத்திருக்கும். குறுக்கே ஒரு நீள மரை ஓடும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இரண்டு பக்க மூலைகளும் நெருங்கி, சாய்சதுரம் மேலே எழும்பும். மரையின் உராய்வே சுமையைப் பிடித்துக்கொள்வதால் கையை எடுத்தாலும் தானாக இறங்காது. அந்த அளவில் அது நம்பத் தகுந்த கருவிதான். ஜாக்கி உடைந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். உடைவது அபூர்வம். அடிக்கடி நடப்பது சாய்வது. அடித்தட்டு ஓர் உள்ளங்கை அகலம், வண்டியைத் தொடும் தலை இரண்டு விரல் அகலம். நேராக நிற்கும்வரை சில நூறு கிலோவை அலட்டாமல் சுமக்கும் அந்த இரும்பு, கொஞ்சம் சாய்ந்ததும் சுமை பக்கவாட்டில் தள்ள, கண் இமைக்கும் நேரத்தில் படுத்துவிடும்.

அது ஏன் சாய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கும்போது அது செங்குத்தாக மேலே போவதில்லை. எதிர்ப்பக்கச் சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்க, வண்டி அவற்றைச் சுற்றி ஒரு வளைவில் எழும்புகிறது. அப்போது நாம் ஜாக்கி கொடுத்த இடம் சில சென்டிமீட்டர் உள்பக்கமாக நகரும். ஜாக்கியின் அடித்தட்டு தரையில் அசையாமல் கிடக்கும். தலை மட்டும் வண்டியோடு உள்ளே இழுபடும். உயரம் கூடக் கூட சாய்வும் கூடும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூடத் தூக்காதீர்கள். டயர் தரையைவிட்டு இரண்டு மூன்று விரற்கடை எழும்பினால் கழற்றலாம். காற்று நிறைந்த ஸ்டெப்னியை மாட்ட இன்னும் கொஞ்சம் தேவைப்படும், அவ்வளவுதான். நாலு சுற்றுக்கு ஒரு முறை தள்ளி நின்று ஜாக்கியைப் பாருங்கள். சாய்வது கண்ணுக்குத் தெரிந்தால் முழுவதும் இறக்கி, இடம் பார்த்து வைத்து, மறுபடி தொடங்குங்கள். பாதியில் சுத்தியலால் தட்டி நேராக்க முயல்வது வேண்டவே வேண்டாம்.

பட்டறைகளில் பார்க்கும் டிராலி ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வண்டி நகரும்போது அதுவும் கூடவே உருண்டு, தலையைச் சரியான இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்தச் சிறு சக்கரங்கள் பேவர் பிளாக் இடுக்கிலோ உடைந்த தரையிலோ சிக்கிவிட்டால் ஜாக்கி உருளாது. அதன் தலை வண்டியைவிட்டு வழுக்கும். டிராலி ஜாக்கி வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று மண் தரையில் அதைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது உருளுதல். வீட்டில் நடக்கும் ஜாக்கி விபத்துகளின் வேரைத் தேடிப் போனால், வண்டி ஓர் அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்ததுதான் பெரும்பாலும் தொடக்கமாக இருக்கும். ஓர் அடிகூட வேண்டாம், அரை அடி போதும். “கியரில்தானே நிற்கிறது, எப்படி நகரும்?” என்பார்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம்மிடம் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் ஓட்டுவது முன்சக்கரங்களை. இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுற்ற வழிவிடுவது அதுதான். அதே டிஃபரன்ஷியல் ஜாக்கி போடும்போது நமக்கு எதிராக வேலை செய்யும். ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், தரையில் இருக்கும் மறுசக்கரம் உருளலாம். தொங்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக் கணக்கை நேர் செய்துவிடும். வண்டி முதல் கியரில் இருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில் இருந்தாலும் நிலைமை இதுதான். அதாவது, முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கிய நொடியிலேயே கியரின் பிடி போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்.

மழைக்காலத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்று ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் கியரில் மட்டும் நிறுத்தும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. நிறுத்துவதற்கு அது சரியாக இருக்கலாம். அதே பழக்கத்தோடு முன்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்தால், வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. தரை மட்டமாகத் தெரிந்தாலும் போர்ட்டிகோக்கள் மழைநீர் ஓட வாசல் பக்கம் சரிவாகவே போடப்பட்டிருக்கும்.

பின்பக்கம் தூக்கும்போது கணக்கு மாறும். ஒரு பின்சக்கரம் மேலே போனால் ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்றுதான் தரையில் இருக்கும். முன்சக்கர இழுவை வண்டி என்றால் கியர் கைகொடுக்கும். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர், ஹேண்ட் பிரேக் இரண்டும் பின்சக்கரங்களையே நம்பியிருக்கின்றன. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கினால் இரண்டும் ஒரே சமயத்தில் பயனற்றுப் போகும். இந்த வேறுபாடுகளை எல்லாம் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் கட்டை. எந்த வண்டியாக இருந்தாலும், எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும், ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கியரில் போட்ட பிறகு, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு கட்டை என்பது குறைந்தபட்சம். முன்பக்கம் முழுவதையும் தூக்குகிறீர்கள் என்றால் இரண்டு பின்சக்கரங்களுக்கும் கொடுக்க வேண்டும். மலைப்பாதையில் லோடு லாரி நின்றதும் கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை நன்கு அறிந்தவர்கள் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. மரக்கடையில் நான்கு விரல் உயரத்துக்குக் குறையாத மரத்துண்டை ஆப்பு வடிவில் அறுத்துக் கேட்டால் தருவார்கள். அதை டிக்கியில் போட்டு வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு பஞ்சர் ஒட்டும் காசுகூட இருக்காது. செங்கலைக் கட்டையாக வைத்தால் டயர் ஏறும்போது அது நொறுங்கும். உருண்டைக் கல் வழுக்கும்.

தரையைப் பற்றியும் பேச வேண்டும். கெட்டியான, மட்டமான, காய்ந்த சிமெண்ட் தரைதான் முதல் தேர்வு. போர்ட்டிகோவில் வழவழப்பான டைல்ஸ் போட்டிருந்தால், தண்ணீர் பட்ட டைல்ஸில் இரும்பு அடித்தட்டு சறுக்கும். சுமை ஓரிடத்தில் குவிவதால் டைல்ஸ் விரிசலும் விடும். வாசலில் கேட்டை ஒட்டிய சரிவில் ஒருபோதும் தூக்க வேண்டாம். வண்டியைத் தெருவுக்கோ உள்ளுக்கோ நகர்த்திக்கொள்ளுங்கள். பஞ்சரான டயரில் பத்தடி நகர்த்தினால் டயர் கெட்டுவிடும் என்று யோசிப்பவர்கள் உண்டு. மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் டயர் போனால் போகட்டும். மண் தரையென்றால், அதிலும் மழை பெய்து ஊறிய மண்ணென்றால், ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கமாக மண்ணில் புதையும். சாய்வு அங்கேயே தொடங்கிவிடும். அடியில் ஒன்றரை அங்குலக் கனத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி அகலத்தில், வெடிப்பில்லாத பலகை வையுங்கள். நல்ல பிளைவுட் இரண்டை ஒட்டியும் வைக்கலாம். வெயிலில் இளகிய தார் ரோட்டுக்கும் இதே பலகைதான் துணை.

இனி, எங்கே ஜாக்கி கொடுப்பது? கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும் இடமெல்லாம் கெட்டி இல்லை. கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கு, இரண்டு தகடுகள் சேர்த்து வெல்டு செய்த ஒரு விளிம்பு ஓடும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த விளிம்பில் சிறு வெட்டுகளோ அடையாளங்களோ இருக்கும். குனிந்து விரலால் தடவினால் தட்டுப்படும். அந்த இடத்தில்தான் உள்ளே கூடுதல் பலம் கொடுத்திருக்கிறார்கள். கத்தரி ஜாக்கியின் தலையில் இருக்கும் பள்ளம் அந்த விளிம்பைக் கவ்வ வேண்டும். ஒரு கை அளவு தள்ளி வைத்தாலும் தகடு மடங்கும். மடங்கும்போது ஜாக்கி நழுவும். ஆயில் சம்ப், கியர் பெட்டி, சைலன்சர் குழாய், தட்டையான அடித்தகடு இவை எதுவும் ஜாக்கிக்கான இடமல்ல. பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா போலத் தனி சேஸிஸ் மேல் உடல் ஏற்றிய வண்டிகளுக்கு இந்த விளிம்பைத் தேடக் கூடாது. அவற்றுக்கு சேஸிஸிலோ ஆக்சிலிலோ இடம் குறித்திருப்பார்கள். மின்சாரக் கார்களில் அடித்தளம் முழுவதும் பேட்டரி படுத்திருக்கும். அதன் மேல் ஜாக்கி பட்டால் சேதம் பணத்தோடு நிற்காது, தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. கையேட்டில் காட்டிய புள்ளிகளைத் தவிர வேறெங்கும் தொடாதீர்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையின் கடலோரப் பகுதிகளில் பல வருடம் நின்ற வண்டியின் இந்த விளிம்பு, கறுப்புப் பூச்சுக்கு உள்ளேயே துருவேறிப் பொரிந்திருக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கும் முன் ஸ்குரூடிரைவர் பிடியால் நாலு இடத்தில் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்த இடத்தில் ஜாக்கி கொடுக்க வேண்டாம். அந்த வண்டியை முதலில் பட்டறையில் காட்டுங்கள்.

இப்போது சக்கரம் மாற்றும் வேலையைப் பார்ப்போம். வண்டியில் இருக்கும் எல்லோரும் இறங்க வேண்டும், தூங்கும் குழந்தை உட்பட. டிக்கியிலிருந்து ஸ்டெப்னியைத் தூக்குவதற்கு முன் ஜாக்கியைத் தொடாதீர்கள். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது டிக்கிக்குள் குனிந்து ஸ்டெப்னியை உருவுவது வண்டியை உலுக்கும். இன்னோவா கிரிஸ்டா போல ஸ்டெப்னி பின்னால் அடியில் தொங்கும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். அதன் பிறகு நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள், சக்கரம் தரையில் இருக்கும்போதே. இறுகிய நட்டைத் திறக்க வேண்டிய பலம், ஜாக்கியில் நிற்கும் வண்டியைத் தள்ளிவிடப் போதுமானது. கையால் முடியாவிட்டால் ஸ்பேனரைப் படுக்கை வாட்டத்தில் முழுவதும் உள்ளே பொருத்திக் காலால் அழுத்தலாம்; ஏறிக் குதிக்க வேண்டாம்.

ஜாக்கியை உயர்த்தத் தொடங்கி, அதன் தலை விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். பள்ளத்தில் விளிம்பு நேராக உட்கார்ந்திருக்கிறதா, அடித்தட்டு நாலு மூலையும் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு சுற்ற வேண்டும். வண்டி கொஞ்சம் எழும்பியதும் ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில், விளிம்புக்கு நேர் கீழே, படுக்க வைத்துத் தள்ளிவிடுங்கள். பழைய சக்கரம் கையில் வந்ததும் அதை உள்ளே தள்ளி ஸ்டெப்னியை வெளியே இழுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் விழும். டிஸ்க் பிரேக்கும் உங்கள் விரல்களும் தப்பும். எனக்குத் தெரிந்தவரை காசு செலவில்லாத பாதுகாப்பு இதைவிட வேறில்லை. ஆனால் ரோட்டோரத்தில் சக்கரம் மாற்றுபவர்களில் இதைச் செய்பவர்களை நான் மிகக் குறைவாகவே பார்க்கிறேன்.

நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வராமல் அடம்பிடிக்கும் சமயம் உண்டு. அலாய் சக்கரமும் இரும்பு ஹப்பும் துருவால் ஒட்டிக்கொள்ளும். அப்போது வண்டியை ஜாக்கியில் வைத்தபடியே டயரை எட்டி உதைப்பதும் இரண்டு கையால் பிடித்து ஆட்டி இழுப்பதும்தான் பலர் செய்வது. அந்த ஆட்டத்தில் விழுவது சக்கரமல்ல, வண்டி. நட்டுகளைத் திரும்ப மாட்டி, முழுதாக முடுக்காமல் ஒரு சுற்று தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பெரும்பாலும் வண்டியின் எடையே ஒட்டை உடைத்துவிடும். உடையாவிட்டால் ஓரிரு அடி மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் ‘டக்’கென்று விடும். பிறகு கட்டையை மறுபடி கொடுத்துத் தூக்கிக்கொள்ளலாம்.

மாட்டும்போது நட்டின் கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லா நட்டையும் முதலில் கையால் திருகி, எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு இறுதியாக இறுக்குங்கள். சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கேட்பார்கள். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் கிட்டத்தட்ட 98 வரும். நடுத்தர உடம்புக்காரர் கையால் நன்றாக அழுத்துவது போதும் என்பதற்காக இந்தக் கணக்கு. ஏறி மிதித்தால் மரை இழுபடும். அடுத்த முறை ரோட்டில் தனியாக நிற்கும்போது நட்டு வராது. மரைக்கு எண்ணெய் தடவுவதும் வேண்டாம், எண்ணெய் பட்ட மரை அதே பலத்தில் கூடுதலாக இறுகிவிடும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். வண்டியோடு வந்த ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம். பெரும்பாலும் அதன் மேலேயே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும்.

இத்தனையும் செய்யவே தேவையில்லாத நேரமும் இருக்கிறது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால், ஆணி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும்வரை சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் போடலாம். சிகரெட் லைட்டர் குழியில் செருகும் சிறிய காற்றடிக்கும் பம்ப் இருந்தால் காற்றை நிரப்பிப் பக்கத்துப் பஞ்சர் கடைவரை போய்விடலாம். டயர் அழுத்தத்தைக் காட்டும் வசதியும் பஞ்சர் போடும் பையும் கொண்ட டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அதன் பிறகு வந்த சில கார்களில் ஜாக்கியும் கிடையாது. வண்டி வாங்கும் நாளிலேயே டிக்கித் தரையைத் தூக்கி எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், சரிவில் பஞ்சரானால் சக்கரம் மாற்ற உட்காராமல் ஆளைக் கூப்பிடுவதே மேல்.

சரி, உண்மையிலேயே அடியில் போக வேண்டும் என்றால்? அதற்கு ஜாக்கி தவிர இரண்டு ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கி தூக்கிக் கொடுக்கும். வண்டியின் எடையை ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பட்டறை ஜாக்கிகளும் பாட்டில் ஜாக்கிகளும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. மேலே நிற்கும் மொத்தச் சுமையும் உள்ளே ஒரு ரப்பர் வளையத்தின் மேல்தான் போய் முடிகிறது. அந்த வளையம் தேய்ந்தாலோ, எண்ணெயில் மண் கலந்தாலோ, வால்வு சரியாக அமராவிட்டாலோ ஜாக்கி இறங்கும். சில சமயம் மெதுவாக இறங்கும், சில சமயம் ஒரேயடியாக. உங்கள் ஜாக்கி எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: வண்டியைச் சற்றுத் தூக்கி, தரைக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அது ரிப்பேருக்குப் போக வேண்டியது. குறையவில்லை என்பதற்காக அடியில் போகவும் கூடாது. பாட்டில் ஜாக்கிக்கு இன்னொரு குறை, அடி ஒடுக்கம், தலையும் ஒடுக்கம். லாரிக்கு அது பொருந்தும். காரின் மெல்லிய விளிம்புக்குப் பொருந்தாது.

ஸ்டாண்ட் வாங்கும்போது எடைக் கணக்கைப் பாருங்கள். சின்ன ஹேட்ச்பேக் 700 முதல் 950 கிலோ வரை இருக்கும். இன்னோவா கிரிஸ்டா போன்றது 1,700 கிலோ அளவில் நிற்கும். எஞ்சின் முன்னால் இருக்கும் வண்டிகளில் எடையில் பாதிக்கு மேல், சில வண்டிகளில் அறுபது சதவீதம் வரை, முன்பக்கத்தில். பெட்டியில் போட்டிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, இரண்டும் சேர்த்தா என்று படியுங்கள். கடைக்காரர்களே இதைக் குழப்புகிறார்கள். சிறிய காருக்கும் ஸ்டாண்ட் ஒவ்வொன்றும் 2 டன் தாங்குவதாக இருக்கட்டும். பல் வைத்த ஸ்டாண்டைவிட, துளையில் தடித்த ஊசி செருகும் ஸ்டாண்டையே நான் பரிந்துரைப்பேன். ஊசி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் தான் விற்ற பிட்ஸ்பர்க் வகை ஸ்டாண்டுகளில் சுமார் 17 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. எடை மாறும்போது பல் சரியாகப் பிடிக்காமல் வண்டி சட்டென்று இறங்கிவிடக்கூடும் என்பதே காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் ஒரு வகையையும் வெல்டிங் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பல் வைத்த ஸ்டாண்ட்தான் கைவசம் இருக்கிறது என்றால், வண்டியை அதன் மேல் இறக்கும் முன் தலையைக் கையால் கீழே தட்டி, பல் முழுவதும் அமர்ந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விளிம்பில் இருக்கும் ஒரே புள்ளியில் ஜாக்கியும் ஸ்டாண்டும் சேர்ந்து நிற்க முடியாதே என்று கேட்பீர்கள். பல கையேடுகளில் டிராலி ஜாக்கிக்கென்று முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் தனி இடம் காட்டியிருப்பார்கள். அங்கே தூக்கி, பக்கவாட்டு விளிம்பின் குறித்த இடங்களில் ஸ்டாண்டை வைக்க வேண்டும். இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரம், நான்கு காலும் தரையில். பிறகு ஜாக்கியின் வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, மெதுவாக, எடை முழுவதும் ஸ்டாண்டுக்குப் போகும்வரை இறக்குங்கள். இறக்கியபின் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும் இப்போதே விழட்டும். அசையவில்லை என்றால் ஜாக்கியை லேசாகத் தொடும்படி மறுபடி உயர்த்தி, சுமையில்லாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். கழற்றிய சக்கரங்களை விளிம்புக்கு அடியில் தள்ளுங்கள். அடியில் இருக்கும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது, எஞ்சினைத் தொடக் கூடாது. சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அடியில் போகாதீர்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் அடுக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. வீடு கட்டி முடித்த எல்லா வாசலிலும் நாலு ஹாலோ பிளாக் மிஞ்சிக் கிடக்கும், அதுதான் காரணம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுவரில் அந்தக் கல் தன் முழு அகலத்துக்கும் பரவிய சுமையைத் தாங்குகிறது. காரின் விளிம்பு அரை அங்குலக் கோடாக அதன் மெல்லிய சுவரில் இறங்கும்போது, வெடிப்பு ஓடி, சத்தமோ அறிகுறியோ இல்லாமல் ஒரே நொடியில் தூளாகிவிடும். செங்கலும் அப்படித்தான். மரம் வேறு மாதிரி: முறிவதற்கு முன் நசுங்கும், முனகும், தப்பிக்க நேரம் கொடுக்கும். ஸ்டாண்ட் கிடைக்கவே இல்லை என்றால், சதுரமாக அறுத்த கெட்டி மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டாக அடுக்கலாம். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைத் தாண்டக் கூடாது. இடிபாடுகளில் மீட்புப் பணியாளர்கள் சுமையைத் தாங்க வைப்பதும் இப்படி அடுக்கிய கட்டைகளைத்தான்.

என்ன செய்தும் வண்டி சரியத் தொடங்கிவிட்டால் பிடிக்கப் போகாதீர்கள். ஒரு டன் இரும்பைக் கையால் நிறுத்த முடியாது. பின்னால் விலகுங்கள், விழட்டும். ஒருவர் அடியில் சிக்கிவிட்டால் காலைப் பிடித்து இழுப்பது காயத்தைப் பெரிதாக்கும். கிடைக்கும் ஜாக்கியால் வண்டியை உயர்த்துங்கள், உயர உயரக் கட்டையோ சக்கரமோ உள்ளே தள்ளி முட்டுக் கொடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐயும், தீயணைப்புத் துறையின் 101ஐயும் அழைக்கட்டும். கனமான சுமையைத் தூக்கும் கருவிகள் தீயணைப்பு வண்டியில் இருக்கும்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கியில் கிடக்கும் ஜாக்கி அந்த வண்டியோடு வந்ததுதானா என்று பாருங்கள். கைமாறிக் கைமாறி வேறு காரின் ஜாக்கி வந்து சேர்ந்திருக்கும். அதன் தலைப் பள்ளம் உங்கள் விளிம்பைக் கவ்வாது, உயரமும் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சத்தில், உங்கள் வீட்டுத் தரையில், நான்கு புள்ளியிலும் ஒரு முறை வைத்து டயர் தரையை விடும்வரை தூக்கி இறக்கிப் பாருங்கள். கைப்பிடி, அதை மாட்டும் கொக்கி, வீல் ஸ்பேனர், அலாய் சக்கரத்துக்குத் திருட்டுப் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி, எல்லாம் இருக்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். ஜாக்கியின் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்டெப்னியில் மற்ற டயர்களைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று நிரப்பி, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து இறுக்கிவிடுங்கள்.